அவர் ஓட்டு இன்னும் விழுகிறது

அன்றைக்குக் கடைக்குள் நான்கு பேர் இருந்தோம். செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்த பாய். அவருக்கு மதியச் சோறு கொண்டுவந்து, உள்ளே துணித்திரை ஓரமாக நின்றுகொண்டிருந்த அவர் மனைவி. கடலில் விழுந்த போனை எடுத்துக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த தங்கச்சிமடத்து மீன்பிடிக்காரர் ஒருவர். அப்புறம் நான். என் ஐஸ் வண்டி வெளியே நின்றது.

நான்கு பேர் போதவில்லை என்பது பாயின் குறை. கடன் என்றால் எழுத வேண்டும், எழுதினால் சாட்சி வேண்டும் என்பது அவர்கள் மார்க்கத்தில் இருக்கிறது. கொடுக்கிற நானும் வாங்குகிற அவரும் சாட்சியாக முடியாது. சாட்சிக்கு இரண்டு ஆண், இல்லையென்றால் ஓர் ஆணும் இரண்டு பெண்களும் வேண்டுமாம். இருப்பது மீன்பிடிக்காரர் ஒருவர், மனைவி ஒருவர். இன்னும் ஓர் ஆள் வேண்டும் என்று பாய் வாசலை எட்டிப் பார்த்தார். மண்டபத்து மத்தியான வெயிலில் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

"ஏம் போனு செத்துக் கெடக்குல்ல பாய், அதையும் ஒரு ஆளாச் சேத்துக்கங்க" என்றார் மீன்பிடிக்காரர்.

பாய் சிரித்துவிட்டு, கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். "ஆளே வேணாம். ஒலகம் பூராம் இருக்குற கம்ப்யூட்டரு சாட்சி. இங்கன எழுதிட்டா யாரும் அழிக்க முடியாது. நானே நெனச்சாலும் முடியாது."

எழுதினார். எழுதியதை வாய்விட்டுப் படித்தார். இன்னாரிடம் முப்பதாயிரம் ரூபாய் வாங்கியிருக்கிறேன். என் ஓட்டால் அவருக்கு வருகிற பணத்தை இந்தக் கடனில் கழித்துக்கொள்ள வேண்டியது. தீரும் வரை கொடுப்பேன். அவ்வளவுதான். அவர் மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து, சோறு ஆறுது என்றார்.

விளங்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எனக்கே விளங்க ஒரு வருஷம் ஆனது. நான் எட்டாவதோடு நின்றவன். முதுகுளத்தூர்ப் பக்கம் ஊர். மழை ஏமாற்றிய ஒரு வருஷம் மிளகாய்க் காட்டை அய்யாவிடமே விட்டுவிட்டு இந்தக் கரைக்கு வந்தேன். ஐஸ் கம்பெனியிலிருந்து கரைக்கு ஐஸ் பார் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி ஓட்டுகிறேன். லோடு ஏறும்வரை உட்காருவது பாயின் கடையில். நான் பேசுவதைக் கேட்டுவிட்டு அவர்தான் ஒருநாள், மாப்ளே, இதையெல்லாம் எழுது, காசு வரும் என்றார். பிளாக்செயின் என்று ஒன்று. அதில் ஓடுகிற ஒரு தளம். நாம் எழுதுவது ஒரே இடத்தில் இருக்காது. கண் காணாத ஊர்களில் உள்ள கம்ப்யூட்டர்களிலெல்லாம் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு கிடக்கும். முதலாளி கிடையாது, அழிக்கிற ஆள் கிடையாது. படிக்கிறவர்கள் ஓட்டுப் போட்டால் அந்தத் தளத்தின் டோக்கனாக நமக்கு வரும். அதைக் காசாக மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுப் போடுகிறவர் எவ்வளவு டோக்கனைத் தன் கணக்கில் பூட்டிவைத்திருக்கிறாரோ அந்த அளவுக்கு அவர் ஓட்டுக்குக் கனம்.

பாய் என்னிடம் கடன் வாங்கியது அந்தக் கனத்தைக் கூட்டத்தான். விலை குறைவாக இருக்கிறது, இப்போது வாங்கிப் பூட்டினால் நாளைக்கு என் ஒரு ஓட்டே ஒரு நாள் கூலி என்றார். முகநூலெல்லாம் போய்விடும், எழுதுகிறவனே முதலாளி ஆகிற காலம் வருகிறது என்றார். வளைகுடாவில் பதினோரு வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்த மனுஷன். அவர் சொன்னால் நம்பத் தோன்றும். என் கையில் பணமில்லை. மனைவியின் செயினை பேங்கில் வைத்து வாங்கிக் கொடுத்தேன். வட்டி வாங்குவதும் கொடுப்பதும் அவர்களுக்கு ஆகாது என்பதால் அடகு வட்டியை நானே கட்டினேன். மனைவி இதைச் சொல்லிக் காட்டாத மாசமில்லை.

ஆரம்பத்தில் சரியாகத்தான் நடந்தது. நான் எழுதிப் போட்ட சில நிமிஷத்தில் போன் டிங் என்று ஒலிக்கும். முதல் ஓட்டு அவருடையது. முப்பது ரூபாய், சில நாள் நாற்பது. ஐஸ் உடைக்கிற மெஷினில் விரலைக் கொடுத்தவரைப் பற்றி, பாலத்தில் காற்றடிக்கும்போது வண்டி பக்கவாட்டில் நகருவதைப் பற்றி, எனக்கு எதற்கெடுத்தாலும் வருகிற பயத்தைப் பற்றி எழுதினேன். பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்க்காமல் நான் பாலத்தில் ஏறமாட்டேன். பூட்டிய வீட்டைத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவேன். இதையெல்லாம் படித்துவிட்டு யாரோ ஒரு பிரேசில்காரர், தானும் அப்படித்தான் என்று எழுதியிருந்தார். மொழியைக் கம்ப்யூட்டரே மாற்றிக் கொடுத்ததாம். பாய் அதைக் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார். நான் கொஞ்சம் மிகைப்படுத்தி எழுதினால் அன்றைக்குச் சாயங்காலமே பிடித்துக்கொள்வார். "மாப்ளே, அந்தக் கடைசி வரி பொய்யி."

அவர் இறந்த அன்று காலையில் நான் ஐஸ் கம்பெனியில் இருந்தேன். லோடு ஏறிக்கொண்டிருந்தது. முந்தின நாள் எழுதி வைத்திருந்ததைப் போட்டுவிட்டு டீ குடித்தேன். டிங் என்றது. பாய் முழித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து லோடுமேன் ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, செல் கடை பாய் மவுத்தாப் போனாராம், ராமநாதபுரம் கொண்டு போகிற வழியில் உச்சிப்புளியிலேயே முடிந்துவிட்டதாம் என்றார்.

எப்போது என்று கேட்டேன். விடிகிற நேரத்தில் என்றார்.

நான் போனை எடுத்துப் பார்த்தேன். ஓட்டு விழுந்த நேரம் அதில் இருந்தது. வெயில் நன்றாக ஏறிய பிறகு. என் பதிவுக்குக் கீழே அவர் பெயர். ஓட்டுப் போட்டவர் அவர் ஒருவர்தான். வண்டியில் ஐஸ் பார்கள் உமி மூட்டைக்குள் கிடந்தன. எனக்கு அந்தக் குளிர் எல்லாம் உடம்புக்குள் வந்தது மாதிரி ஆகிவிட்டது. லோடைக் கரைக்குக் கொண்டு போகவில்லை. வேறு டிரைவரைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டேன்.

பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்பு அவருடைய அண்ணன் எல்லாரையும் பார்த்து நின்றார். தம்பி யாருக்காவது கொடுக்க வேண்டியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், நான் தருகிறேன், இல்லையென்றால் மனசார விட்டுவிடுங்கள் என்றார். ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒருவர் கையைத் தூக்கிச் சொன்னார். பக்கத்து டீக்கடைக்காரர் நான் விட்டுவிட்டேன் என்று சத்தமாகச் சொன்னார். நான் கேட்டுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். வாய் வரவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் பிணத்தை வைத்துக்கொண்டு கடன் பேச்சு எடுத்தால் அதைவிடக் கேவலம் கிடையாது. அப்படி எடுத்தவன் வீட்டுக்குப் பிறகு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். நான் பேசாமல் இருந்தால் விட்டுக்கொடுத்ததாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அவர்களிடத்தில் அப்படி எடுத்துக்கொள்ள வழியில்லை. விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கடன் கடனாகவே நிற்கும். இது அப்போது எனக்குத் தெரியாது.

ஏழெட்டு நாள் கழித்து, அவர் இறந்துபோனதைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். கடல் தண்ணீர் புகுந்த போனை அவர் பிரித்துப் போடுகிற விதம், ஸ்க்ரூக்களை டீ கிளாஸ் மூடியில் வரிசையாக வைப்பது, இனி அந்தக் கடை இல்லை என்பது. போட்டுவிட்டு போனைப் படுக்கையில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். சில நிமிஷம்.

டிங்.

தான் செத்துப்போன செய்திக்குத் தானே முதல் ஓட்டுப் போட்டிருந்தார்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள். அவளுக்கும் முகம் மாறிவிட்டது. பிறகு அவளே, யாரிடமாவது கேளுங்கள் என்றாள். அதே தளத்தில் கேட்டேன். எந்த நாட்டுக்காரரோ விளக்கம் எழுதினார். அந்தத் தளத்தோடு சேர்ந்து ஓடுகிற இன்னொரு சேவை இருக்கிறதாம். இன்னார் எழுதினால் என் பெயரில் ஓட்டுப் போட்டுவிடு என்று அதில் ஒரு தடவை சொல்லி வைத்தால் போதும். சொன்னவர் தூங்கினாலும் ஊருக்குப் போனாலும் அது போட்டுக்கொண்டே இருக்கும். பாய் அதில் ஒரே ஒரு பெயர்தான் கொடுத்து வைத்திருந்தார். அது என் பெயர். கடனை ஒருநாளும் மறந்துவிடக் கூடாது என்று செய்திருக்க வேண்டும்.

விளக்கம் தெரிந்தால் பயம் போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை.

புருஷன் இறந்த பிறகு இருக்கிற இத்தா முடிகிறவரை பாயின் மனைவி வெளி ஆண்கள் யாரையும் பார்க்கக் கூடாது. நாலு மாசம் பத்து நாள். அது முடிந்ததும் என் மனைவிக்குப் போன் வந்தது, அண்ணனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. அண்ணன் என்றது என்னை. போனோம். மனைவி உள்ளே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் முன்னறையில். நடுவில் திரை. கடையில் கிடந்த அதே திரை. கடையைக் காலி செய்தபோது வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டியிருந்தார்கள்.

"அண்ணே, அன்னைக்குக் கேட்டாகள்ல. ஏன் வாயத் தொறக்கல?"

எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். கேவலம் என்று சொன்னேன்.

"எங்கள்ல கேக்காம இருந்தாத்தாண்ணே கேவலம். கடனோட போனா ரூஹு அந்தரத்துல நிக்கும்பாக. அவுக நிக்கிறாகண்ணே."

ரூஹு என்றால் உயிர். நான் அவசரமாக, விட்டுவிட்டேன் அம்மா, மனசார விட்டுவிட்டேன் என்றேன்.

"அக்கா கழுத்துல மஞ்சக் கயிறு மட்டுந்தேன் கெடக்கு. நீங்க விட்டா அக்கா விட்டதாயிருமா?"

என் மனைவி எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அது எனக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்டது.

பாயின் அண்ணன் தருவதாகத்தானே சொன்னார், அவரிடமே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கும் அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. பெரியவுக கேட்டால் நாளைக்கே எடுத்துக் கொடுப்பாக, ஆனால் உயிரோடு இருந்தபோது தம்பியை என்ன சொன்னாக, கம்ப்யூட்டரில் சீட்டாடுகிறான் என்று ஊரெல்லாம் சொன்னாக, அவுக காசில் அடைத்தால் அது நெசமாகிவிடும் என்றார். பிறகு, அன்றைக்குக் கடையில் எங்க வீட்டுக்காரவுக எழுதினார்களே, அது இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். போனில் எடுத்து, மனைவி கையில் கொடுத்து உள்ளே அனுப்பினேன். படிக்கிற சத்தம் மெல்லக் கேட்டது. தீரும் வரை கொடுப்பேன் என்கிற இடத்தில் நின்றது.

"அழியாதுல்ல?"

"அழியாதும்மா."

"அவுகதேன் குடுத்துக்கிட்டு இருக்காகளாம், அக்கா சொன்னாக. அப்ப அவுகளே குடுத்து முடிக்கட்டும். நீங்க எழுதுங்கண்ணே. நீங்க எழுதுனாத்தான அவுக குடுக்க முடியும்?"

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் மனைவி வெகு நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு சொன்னாள்: "செத்தவுககிட்ட தவணை வசூல் பண்ற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தருதேன்."

அன்றிலிருந்து தினமும் எழுதினேன். மனசில் ஒன்றும் இல்லாத நாளிலும் எழுதினேன். டீ கிளாஸைப் படமெடுத்துப் போட்டு நாலு வரி எழுதினேன். அதற்கும் ஓட்டு விழுந்தது. ஒருநாள் களைப்பில், பாலத்தில் ஒரு விபத்தைப் பார்த்ததாக இட்டுக்கட்டி எழுதிவிட்டேன். அதற்கும் விழுந்தது. கடைசி வரி பொய் என்று சொல்ல ஆளில்லை. அன்று முழுக்க எனக்கு முதுகுக்குப் பின்னால் யாரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. மறுநாள், அந்த விபத்து பொய் என்று எழுதிப் போட்டேன். பழையதை அழிக்கத்தான் முடியாதே. அதற்கும் ஓட்டு விழுந்தது, அதே கனத்தோடு.

வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பெண் போன் செய்வார். "வந்துச்சாண்ணே?" என்பதுதான் கேள்வி. வந்தது என்றால், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி வைத்துவிடுவார். எவ்வளவு வந்தது என்று கேட்கமாட்டார். அது நல்லதாகப் போயிற்று. ஏனென்றால் கனம் குறைந்துகொண்டே போனது. டோக்கன் விலை இறங்கியது. முப்பது ரூபாய் பத்தாகி, நாலாகி, ஒன்றரைக்கு வந்தது. ஐஸ் பார் கம்பெனியில் ஏற்றும்போது இருக்கிற எடை கரையில் இறக்கும்போது இருக்காது. உமி போட்டாலும் சாக்குப் போட்டாலும் வழியில் கொஞ்சம் போகும், அதை இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டுதான் வியாபாரம். இது அப்படியும் இல்லை. வழி முடிவதற்குள் வெறும் ஈரச் சாக்குதான் மிஞ்சும் போலிருந்தது.

அவர் பூட்டிவைத்த டோக்கனை எடுத்துக் கடனை அடைக்கலாமே என்று கேட்பார்கள். அதற்கு அவருடைய சாவி வேண்டும். சாவி என்றால் தலையும் வாலும் இல்லாத நீள எழுத்துக்கூட்டம். அது கடைக் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்ப்யூட்டரை விற்றுவிட்டார்கள், வாங்கியவர் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டார். அந்தத் தளத்தில் போய் முறையிட ஒரு ஆபீஸ் கிடையாது. முதலாளி இல்லை என்பதுதானே பாய்க்கு அதில் பிடித்தது. அவர் ஓட்டு ஓடிக்கொண்டே இருக்கும், பணம் மட்டும் வெளியே வராது.

ஆட்களும் கலைந்துகொண்டிருந்தார்கள். பிரேசில்காரர் எழுதுவதை நிறுத்திவிட்டார். தளத்துக்குள் நுழைகிற பக்கங்களில் ஒன்றை மூடினார்கள். உள்ளே இருந்தவர்கள் சண்டை போட்டு இரண்டாகப் பிரிந்து, இன்னொரு சங்கிலி தொடங்கினார்கள். இதுதான் எதிர்காலம் என்று எழுதியவர்களே, இது முடிந்த கதை என்று வேறெங்கோ போய் எழுதினார்கள். எனக்கு அதெல்லாம் ஜெயித்தால் என்ன, தோற்றால் என்ன. கடன் தீருகிறவரை அது ஓட வேண்டும், அதுதான் என் கவலை. கம்ப்யூட்டர்கள் ஒவ்வொன்றாக அணைந்து, கடைசிக் கம்ப்யூட்டரை வைத்திருப்பவருக்குக் கரண்ட் பில் கட்ட முடியாமல் போனால், என் சாட்சி செல்லாது, மிச்சம் மீன்பிடிக்காரர் சாட்சி, அந்தத் திரை சாட்சி. அவர் அந்தரத்தில் நிற்பதை யார் எடுத்துச் சொல்வது? பாலத்தில் போகும்போது இதையே நினைத்துக்கொண்டு போய் பின்னால் வருகிற வண்டிகளிடம் இரண்டு தடவை ஹாரன் வாங்கியிருக்கிறேன்.

போன வாரம் அந்த ஓட்டுப் போடுகிற சேவையிலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நடத்துகிறவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இந்த மாசக் கடைசியோடு நிறுத்துகிறார்கள். இனிமேல் அவரவர் ஓட்டை அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்த வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண் போன் செய்து, வந்துச்சாண்ணே என்றபோது வந்தது என்றேன். அது உண்மைதான். ஆனால் என் குரலில் மனைவிக்கு ஏதோ தெரிந்துவிட்டது. போனைப் பிடுங்கிப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது அதெல்லாம் பார்க்கத் தெரியும். நேராகப் போய்ச் சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள். கிளம்புங்க என்றாள்.

அங்கே போனதும் அவள் உள்ளே போய் உட்காரவில்லை. திரையைப் பிடித்துக்கொண்டு நடுவிலேயே நின்றாள். விஷயத்தைச் சொன்னாள். பிறகு, "மிச்சம் எவ்வளவு இருந்தாலும் நான் விட்டுட்டேம்மா. ஏஞ் செயினு. நாந்தேன் சொல்லணும்னியே, நாஞ் சொல்றேன். மனசார விட்டுட்டேன்" என்றாள். கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது.

உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"அக்கா, இப்ப வேணாம்க்கா" என்றார் அந்தப் பெண். "இன்னும் நாலஞ்சு நா இருக்குல்ல. அவுக குடுத்துக்கிட்டு இருக்கையிலயே போதும்னு சொன்னா அவுக மொகம் வாடிரும். அவுகளால முடிஞ்ச மட்டும் குடுக்கட்டும். அது நின்னதுக்கப்புறம் வந்து இதையே சொல்லுங்க. நான் ஏத்துக்கிறேன்."

பிறகு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, இருக்குற நாளைக்குள்ள நல்லா எழுதுங்க. டீ கிளாஸ் படமெல்லாம் போடாதீக." அவரும் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது.

அதனால்தான் இதை எழுதினேன். நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறேன். கடைசி வரி பொய்யில்லை. இன்று காலையில் லோடு ஏறுகிற நேரத்தில் இதுவரை எழுதியதை அங்கே போட்டுவிட்டு, போனை டாஷ்போர்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிங் என்றது. ஒன்றரை ரூபாய். ஐம்பது பைசாவை விட்டுவிட்டேன் என்று சொல்லக் கூடாது, எழுதிக்கொள்கிறேன். மிச்சம் இருபத்தோராயிரத்து நானூற்றுப் பதினாறு ரூபாய் ஐம்பது பைசா.